அப்பா திரும்பிப் பார்த்த படம்

புதிதாகக் கேமரா வாங்கியவன் கையில் குடும்பம் சிக்கக் கூடாது. எங்கள் குடும்பம் சிக்கியது.

அக்காவைக் கட்டியவர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். (புதுச்சேரியில் ஜாதகத்துக்கு முன்னால் இதைப் பார்ப்பார்கள்.) விசா வந்து அவள் பாரிசுக்குக் கிளம்பிய காலையில், கடற்கரைச் சாலையில் காரை நிறுத்தச் சொன்னாள் அம்மா. கேமராவைக் கண்டாலே நழுவிவிடும் அப்பா, அன்று இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். அக்கா கொண்டுபோக, அம்மா, அப்பா, அவள் மூவரும் சேர்ந்த படம் ஒன்று. என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

சூரியன் அப்போதுதான் கடலுக்கு மேல் ஏறியிருந்தது. மூவரையும் அதற்கு முன்னால் நிறுத்தினேன். நம் கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் ஒருசேரத் தெரியும். கேமரா சென்சாருக்கு அந்தத் தாராளம் கிடையாது. வானத்தைக் காப்பாற்றினால் முகங்கள் கரிச்சட்டி. முகங்களைக் காப்பாற்றினால் வானம் வெள்ளைத்தாள்.

"நாங்க இந்தப் பக்கம் வந்து நின்னா முடிஞ்சுதுல்ல?" என்றாள் அக்கா.

"அப்புறம் பின்னாடி கடல் வராது."

"பேசாம போன்ல எடுடா," என்றாள் அம்மா.

(போனிலா? யாரிடம் வந்து என்ன பேச்சு?) எச்டிஆர் என்ற வித்தையை விளக்கினேன். வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் கேமராவே மூன்று முறை எடுக்கும். மூன்றையும் கலந்து ஒரே படமாகத் தரும். தனிப் படங்களை வைத்துக்கொள்ளாது. "அதுவரைக்கும் யாரும் ஆடக் கூடாது."

"மூச்சு வுடலாமாடா?" என்றார் அப்பா.

நான் பொத்தானை அமுக்கவும், "அப்பா, மாத்திரைய மறந்துடாதப்பா" என்று அக்கா தொடங்கவும் சரியாக இருந்தது. முதல் கிளிக்கில் நேராக நின்றவர், அடுத்ததில் அவள் பக்கம் திரும்பிவிட்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். கேமராவின் சின்னத் திரையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "அட்டகாசம்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

அவளை ஏற்றிவிட்டு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தோம். வானம் அற்புதம். கரையோரக் கருங்கற்கள் அத்தனை துல்லியம். என் பேச்சைக் கேட்டு ஆடாமல் நின்றவை அவைதான். அம்மாவுக்கு இரண்டு மூக்கு. அப்பாவுக்கு முகமே இரண்டு: வெளிறிப்போன ஒன்று என்னைப் பார்த்தது, அழுத்தமாக விழுந்த இன்னொன்று அக்காவைப் பார்த்தது.

"வுடுடா, அவ லீவுக்கு வர்றப்போ ஒழுங்கா எடுத்துக்கலாம்." அப்பாதான் என்னைத் தேற்றினார்.

அந்த லீவு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. கல்யாண ஆல்பத்தில் பந்தியைக் கவனிக்கும் அவர் முதுகுதான் இருந்தது. ஆதார் அட்டையில் இருந்தவரை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. மிஞ்சியது என் எச்டிஆர். ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எந்த மொகத்த வெச்சிக்கறது தம்பி?"

அம்மா திரையைத் தொட்டுக் காட்டினாள். "பொண்ணப் பாக்கறாரே, அது."

எனவே எங்கள் வீட்டுச் சுவரில் மாலைக்குள் இருக்கும் அப்பா நேராகப் பார்ப்பதில்லை. வருகிறவர்கள் தயங்கித் தயங்கிக் காரணம் கேட்பார்கள். "கொழம்பு கொதிக்குதான்னு பாக்கறாரு," என்பாள் அம்மா. அந்தப் பக்கம் சமையலறை.

அக்கா வீடியோ காலில் வரும்போது நாங்கள் போனைத் தூக்கிக்கொண்டு அவர் பார்க்கும் அந்தப் பக்கம்தான் போய் நிற்கிறோம்.