எங்கள் வீட்டுப் பிரயாணி

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காகத் தயங்கினேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு நின்றவள். பிள்ளையார் சுழி போட்டு உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே குழப்பம் வந்துவிடும். காரணம் என் படிப்பு மட்டுமல்ல, எழுத வேண்டிய ஆளும் அப்படித்தான். இன்றுவரை அவர் எனக்கு முழுசாகப் புரியவில்லை. புரிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தால் அதற்குள் முருகன் கூப்பிட்டுக்கொள்வான் போலிருக்கிறது. அதனால் புரியாமலே எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் காலத்தில், சிங்கப்பூருக்கு வடக்கே ரப்பர்த் தோட்டத்து ஊரான எங்கள் லாயாங் லாயாங்கில் இருந்தவர்களில், கால் வைக்காத தேசத்தின் பெயரால் அழைக்கப்பட்ட ஒரே மனிதர் அவர்தான். ஊரே அவரை 'அமெரிக்கா' என்று கூப்பிட்டது. வீட்டில் வைத்த பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அமெரிக்காவுக்குப் போய்ப் பல் வைத்தியம் படிக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து புறப்பட்டவர் அவர். மேற்கே கடலெல்லாம் யுத்தம், கிழக்கே சுற்றிக்கொண்டு போ என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் இறங்கினார். அடுத்த கப்பல் வரும்வரை தங்கலாம், ஆனால் கூலிக்கு வேலை பார்க்கக் கூடாது, குடியேறவும் கூடாது என்று அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை அனுமதிச் சீட்டு கொடுத்தார். கப்பல் வருவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. யுத்தத்துக்குப் பயந்து கிழக்கே வந்தவரை அது எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்து பிடித்துக்கொண்டது.

எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த, தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் அவருக்குப் பெரியப்பா முறை. அவரைத் தேடிக்கொண்டு ரயிலில் வந்தார். டிரெஸ்ஸரோ குண்டுச் சத்தம் கேட்டதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார். அதோடு ரயிலும் நின்றுபோனது. பூட்டிய வீட்டின் முன்னால் டிரங்குப் பெட்டி மேல், கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஓர் ஆள் வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

"ரெண்டு நாள்தான் அக்கா. கப்பல் வந்ததும் கெளம்பிடுவேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் கோட்டைக் கழற்றச் சொன்னார். அமெரிக்காவில் குளிராம், இப்போதே பழகிக்கொள்ள வேண்டுமாம்.

"தம்பி, குளிருக்குப் பழகணும்னா கோட்டைக் கழட்டித்தானே பழகணும்?"

அமெரிக்கா யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். கோட்டு மட்டும் கழலவில்லை.

இப்படி ரெண்டு நாளைக்கு வந்தவர் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். அவர் வந்த பிறகு எங்கள் வீட்டில் மூன்று மணி நடந்தது. ஜப்பான்காரன் கடிகாரத்தையெல்லாம் டோக்கியோ மணிக்கு மாற்றச் சொன்னான், ஊர் அதன்படி எழுந்தது. நான் வெயிலைப் பார்த்து உலை வைத்தேன். அவர் கைக்கடிகாரத்தில் அமெரிக்க மணி. காலையில் மரவள்ளிக் கிழங்கை அவித்து வைத்தால், "அங்க இப்ப தூங்கப் போற நேரம் அக்கா" என்று கொட்டாவி விட்டுக்கொண்டே சாப்பிடுவார். எந்த நேரத்தில் பசிப்பது என்று என் பிள்ளைகளுக்கே குழப்பம். ஆனால் எந்த மணிக்கும் அவர்களுக்குப் பசித்தது.

ஒருநாள் கடைத்தெருவில் ஜப்பான் சிப்பாய்கள் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் கங்காணி மறதியாக, "அமெரிக்கா, இங்க வா" என்று கூப்பிட்டுவிட்டார். தெருவே நின்றுபோனது. எல்லோரும் குனிந்து வணக்கம் போட்டார்கள். நிமிர ஒருத்தருக்கும் தைரியமில்லை. சிப்பாய்களுக்கு ஏன் இவ்வளவு நேரம் வணங்குகிறார்கள் என்று புரியவில்லை. சந்தோஷமாகப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு 'அக்கரை' என்று புதுப்பெயர் வைத்தோம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அந்த அனுமதிச் சீட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. அதற்கு மாதாமாதம் நீட்டிப்பு வாங்க வேண்டுமாம். கொடுத்த துரையையே ஜப்பான்காரன் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டான். இவரோ மாதம் பிறந்ததும் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார். ஊரில் எல்லோரும் அங்கே போனால் எப்படித் திரும்பி வருவது என்று கவலைப்பட்ட காலம். இவர் இன்னும் ஒரு மாதம் இருந்துகொள்ளட்டுமா என்று கேட்கப் போனார். அங்கிருந்த ஜப்பான் அதிகாரிக்கும் குழப்பம். அவரிடம் வந்தவர்களெல்லாம் விடச் சொல்லிக் கெஞ்சினார்களே தவிர, இருக்கவா என்று ஒருவரும் கேட்டதில்லையாம். ஏதோ ஒரு முத்திரையைக் குத்திக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

ஒருமுறை என் வீட்டுக்காரரும் துணைக்குப் போயிருந்தார். அன்று அதிகாரிக்குக் கன்னம் வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல். மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா, எங்கள் பேச்சில் கிராணி, இருந்தார். இவர் பல் வைத்தியத்துக்குப் படிக்கப் போகிறவர் என்று கிராணி வாய் தவறிச் சொல்லிவிட, அதிகாரி ஆவென்று வாயைத் திறந்து காட்டினார். நம்மவர் குனிந்து நன்றாகப் பார்த்தார். பிறகு, "நான் இன்னும் படிக்கலீங்க. அமெரிக்கா போறதுக்கு வழி பண்ணிக் குடுங்க, படிச்சிட்டு வந்து பாக்குறேன்" என்றார்.

கிராணி அவசரமாகக் குறுக்கே வந்தார். இந்தப் பல் சீக்கிரம் குணமாகத் தன் சாமியிடம் வேண்டிக்கொள்கிறேன் என்கிறார் என்று ஜப்பான் பாஷையில் மாற்றிச் சொல்லிவிட்டு, தமிழில் மெல்ல, "தம்பி, நீர் வாயை மூடிக்கொண்டு வீட்டை போம்" என்றாராம். அதிகாரி எழுந்து நின்று நம்மவருக்கு வணக்கம் போட்டாராம். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். வேண்டிக்கொண்டதாகச் சொன்னது பொய்யாகக் கூடாது என்று அன்று விளக்கேற்றும்போது அந்தப் பல்லுக்காக நான் வேண்டிக்கொண்டேன்.

வேலை விஷயமும் அப்படித்தான். எல்லோர் வீட்டுக் கிழங்குக் கொல்லையையும் கொத்திக் கொடுப்பார். கூலி கொடுத்தால் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்வார். படிக்கப் போகிறவன் கூலி வாங்கியது தெரிந்தால் அமெரிக்காக்காரன் உள்ளே விட மாட்டானாம். அரிசிப் பங்கீட்டில் எங்கள் வீட்டு ஆளாகப் பதிந்துகொள்ளவும் மறுத்தார்.

"பதிஞ்சா குடியேறின மாதிரி ஆயிடும் அக்கா. நான் பிரயாணி."

"பிரயாணிக்கு வயிறு இல்லியா தம்பி? இருக்குற அரிசியைத்தானே நாமெல்லாம் பிரிச்சுத் திங்கிறோம்?"

அதற்கும் யோசித்தார். மறுநாளிலிருந்து தன் தட்டுச் சோற்றில் பாதியைப் பிள்ளைகள் தட்டில் தள்ளிவிட்டு, அங்கே இப்போது விரத நேரம் என்றார். அமெரிக்காவில் ஏது விரதம்? எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது, முருகா, இந்தப் பிள்ளைக்கு ஒரு கப்பல் அனுப்பு என்று வேண்டுவேன். அடுத்த மூச்சிலேயே, அனுப்பாதே, கடலெல்லாம் குண்டு என்பேன். அவன்தான் என்ன செய்வான்?

பிறகுதான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. எங்கள் பக்கம் லாரி வந்த காலையில், வீட்டுக்கு ஓர் ஆண் ஏற வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் குளிர் காய்ச்சலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். மருந்து கிடைக்காத காலம். ஏறினால் பாதி வழிகூடத் தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். கங்காணி ஒரு சிப்பாயோடு வாசலில் வந்து நின்றார். அவருக்கும் முகம் செத்துப்போயிருந்தது. காய்ச்சல்காரர் என்று சொல்லிப் பார்த்தார். நிற்க முடிந்தால் போதும் என்றான் சிப்பாய். பிள்ளைகள் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டன. நான் முருகன் படத்துக்கு முன்னால் விழுந்தேன்.

அப்போது ஊரிலேயே ஒரே ஓர் ஆணைத்தான் யாராலும் பிடிக்க முடியாமல் இருந்தது. அக்கரை எந்த வீட்டிலும் பதியாதவர். கணக்கிலேயே இல்லை. கொல்லையிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார்.

"நான் போறேன். நான் இந்த வீட்டு ஆளு."

கங்காணி அவரைப் பின்னுக்குத் தள்ளினார். "நீதான் பிரயாணியாச்சே லா. கணக்குலயே இல்ல. பேசாம கொல்லைக்குப் போ."

"இப்பத்தான் குடியேறினேன்" என்றார்.

நான் எழுந்து வருவதற்குள் காலைக் கழுவிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, டிரங்குப் பெட்டியோடு நின்றார். போக வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திரும்பினால் சாக்குக்குள் நடுங்கும் மனுஷன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. திருநீறு மட்டும் பூசிவிட்டேன்.

அவரோ தெரிந்த ஜப்பான் வார்த்தைகளை வைத்துச் சிப்பாயிடம் சயாமில் கப்பல் துறை உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவன் ஏதோ தலையாட்டினான்.

"அக்கா, அங்க கப்பல் இருக்குதாம்" என்றார் முகமெல்லாம் வெளிச்சமாக. பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அண்ணன் எழுந்ததும் ஸ்டேஷன்ல சொல்லச் சொல்லுங்க. இனிமே நீட்டிப்பு வேணாம்னு."

லாரி போய்விட்டது. கங்காணி மட்டும் அங்கேயே நின்றுகொண்டு, "அலமாக், அலமாக்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எங்களுக்காகப் போனாரா, கப்பலுக்காகப் போனாரா? இதைத்தான் இத்தனை வருஷமாக நானும் என் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றிப் பேசினோம். நான் ஒரு பக்கம் சொன்னால் அவர் மறுபக்கம் சொல்வார். மறுநாள் பக்கம் மாறிக்கொள்வோம். யுத்தம் முடிந்து சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் அவரை அங்கே பார்த்ததாகச் சொன்னார். கைதிகளாக அங்கே கல் உடைத்த வெள்ளைக்காரர்களில் ஓர் அமெரிக்கனைக் கண்டுபிடித்து, காவல்காரன் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பல் வைத்தியக் காலேஜைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்டு நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

இப்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒற்றர் என்கிறார் ஒருவர். பைத்தியம் என்கிறார் இன்னொருவர். பக்கத்து ஊரான கூலாயில் ஒரு கல்யாண வீட்டில், அவரை மகான் ஆக்கிக் கோட்டையும் கழற்றிக் காவி கட்டிவிட்டார்கள். படிக்கிறவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். கோட்டைக் கழற்றாதீர்கள், கடிகாரத்தைத் திருப்பாதீர்கள், குழப்பத்தைத் தீர்த்து வைக்காதீர்கள். யார் அவர் என்று பிள்ளைகள் கேட்டால் மட்டும், பிரயாணி என்று சொல்லிவிட வேண்டாம். லாயாங் லாயாங்கில் எங்கள் வீட்டு ஆள்.