கரை உடைந்த நாளில் என்னைப் பெண் பார்த்தார்கள்

பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரியும் பஜ்ஜியும் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். அதற்கு மேல் எதையாவது காட்ட ஆசைப்பட்டால் வினைதான். எங்கள் குடும்பம் காட்ட ஆசைப்பட்டது ஓர் ஏரியை.

அரசாங்க ஏரி அல்ல, அப்பாவின் சொந்த ஏரி. சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற வழியில், அடிவாரத்தில் எங்களுக்கு மரவள்ளிக் கொல்லை இருந்தது. அதன் மேல்கோடியில் ஓர் ஓடை. அப்பா ஒருமுறை ஏற்காடு போய்ப் படகில் உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்த வேகத்தில் பொக்லைனை வரவழைத்து ஓடைக்குக் குறுக்கே மண்கரை போட்டுவிட்டார். மலைக்குப் போகிற டூரிஸ்டுகள் எல்லாம் இங்கே இறங்கிப் படகு ஓட்டிவிட்டுத்தான் மேலே போவார்களாம். ஊர்க்காரர்கள் அதைக் குட்டை என்றார்கள். அப்பா லேக் என்றார். (அம்மா சேறு என்றாள்.)

எங்கிருந்தோ ஒரு பழைய பெடல் படகும் வந்து சேர்ந்தது. அன்னப்பறவை வடிவம். லாரியில் வரும்போது ஏதோ ஒரு புளியமரம் அதன் கழுத்தை வாங்கிக்கொண்டது. தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைப் பன்றி ஒன்று குளிப்பது போல இருக்கும். டூரிஸ்ட் என்று வந்தவை எருமைகள் மட்டும்தான்.

இந்த நிலையில் உளுந்தூர்பேட்டையில் ஹோட்டல் வைத்திருந்த ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வருவதாகச் சொன்னது. அப்பா போனிலேயே, "வூட்டுல இன்னாங்க இருக்குது, லேக்குக்கே வந்துடுங்க. போட்டிங் இருக்குது!" என்று சொல்லிவிட்டார்.

ஒரு சிக்கல். படகு ஏறும் படிக்கும் தண்ணீருக்கும் நடுவே பத்தடிச் சேறு கிடந்தது. வருங்கால மாமியார் பட்டுப்புடவையோடு அதில் இறங்குவதா? எனக்கு யோசனை உதித்தது.

"அப்பா, கோடிய அடச்சிட்டா தண்ணி படி வரைக்கும் ஏறுமில்ல?"

(கோடி என்பது ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற வாய். கரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இயற்பியல் பட்டதாரியான எனக்கு இது பிற்பாடு தெரிந்தது.)

"அதான் படிச்ச புள்ளன்றது!" என்று அப்பா பூரித்துப்போனார். மணல் மூட்டைகளை நாங்கள் இரண்டு பேருமே அடுக்கினோம். முந்தின நாள் மலையில் நல்ல மழை. விடிந்து பார்த்தால் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணில் நீர். ஏற்காட்டையே ஜெயித்துவிட்டாராம்.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் என மூன்று பேர் வந்தார்கள். கரைமேல் பாய் விரித்துப் பஜ்ஜி கொடுத்தோம். அப்பா மெதுவாக, "மாப்ளயும் பொண்ணும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுங்களே" என்றார்.

"அது இன்னா பழக்கம்? பொண்ணுகூட நான் போறேன்" என்று அந்த அம்மாள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் ஏறிவிட்டார்.

இருவரும் பெடல் மிதித்தோம். நடு ஏரியில் இன்டர்வியூ நடந்தது.

"மீன் கொழம்பு வெப்பியா?"

"வெப்பேங்க." (பொய்.)

"காலைல எத்தினி மணிக்கு எந்திரிப்ப?"

"அஞ்சு மணிக்குங்க." (மகா பொய்.)

அப்புறம் அவர் நெற்றியைச் சுருக்கினார். "இன்னா பொண்ணே, கரை மேல போய்க்கினே இருக்குது?"

"அது வெளிச்சத்தால அப்பிடித் தெரியுதுங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது அடுத்த நொடி விளங்கியது. கோடிப் பக்கம் கரை தொப்பென்று சரிந்தது. படகு பின்பக்கமாக உடைப்பை நோக்கி நகர ஆரம்பித்தது. கரையிலிருந்து அப்பா, "பெடலு! பெடலு!" என்று கத்தினார். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

நான் வாழ்க்கையில் அப்படி மிதித்ததில்லை. பக்கத்தில் அந்த அம்மாளும் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே கத்தினார்: "ஆத்தா மாரியாத்தா! என்னைக் கரை சேத்துடு! இந்தப் பொண்ணையே என் புள்ளைக்குக் கட்டி வெக்கிறேன்!"

ஆத்தாள் காது கொடுத்திருக்க வேண்டும். அப்பா வெட்டாமல் விட்ட ஒரு கருவேலம்புதரில் படகு கரக்கென்று சிக்கி நின்றது. தண்ணீர் எல்லாம் கீழே எங்கள் மரவள்ளிக் கொல்லைக்குள் பாய்ந்தது. நல்லவேளை, அங்கே ஆள் யாரும் இல்லை. நாங்கள் இருவரும் சாய்ந்த படகில், பரந்த சேற்றின் நடுவே உட்கார்ந்திருந்தோம்.

மாப்பிள்ளை வீரமாக இறங்கினார். "அம்மா, அசையாத, வரேன்!" பத்தடி வந்தார். தொடை வரை புதைந்தார். முதல்முறையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

"உங்ககிட்ட கயிறு இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

எங்கள் காதல் உரையாடல் அவ்வளவுதான்.

அதற்குள் ஊரே கூடையோடு வந்துவிட்டது. சேற்றில் ஜிலேபி மீன்கள் துள்ளின. தாய்மாமன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, அக்காவை மறந்து, மீன் பொறுக்கினார். யாரோ, "லேக்கு போச்சுங்களா?" என்று கேட்டார்கள். "குட்டைதான்யா போச்சு" என்றார் அப்பா, ஈனக் குரலில்.

ஏணிகளைச் சேற்றில் படுக்கப்போட்டு எங்களை மீட்டார்கள். கரை ஏறியதும் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி: "கோடிய யாருங்க அடச்சது?"

அப்பா நொடியும் தயங்கவில்லை. "பொண்ணு ஐடியாங்க. ரொம்ப மூளை."

கார் கிளம்பியது. யாரும் கையசைக்கவில்லை. இனி இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். ஒரு வாரம் கழித்து போன் வந்தது.

"பொண்ண எடுத்துக்கிறோங்க" என்றார் அந்த அம்மாள். குரலில் சந்தோஷம் துளியும் இல்லை. "வேற வழி இல்ல. ஆத்தாகிட்ட வாய் வுட்டுட்டேன்."

ஏரி இருந்த இடத்தில் அப்பா அடுத்த வருஷமே மரவள்ளி போட்டார். வண்டல் மண்ணில் கிழங்கு தொடைப் பருமனுக்கு விளைந்தது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கும் நான் குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டினாலோ, ஏழு மணிக்கு எழுந்து வந்தாலோ, என் மாமியார் விருந்தாளிகள் முன்னிலையிலேயே தலையில் அடித்துக்கொள்வார்:

"மொட்டை போடறேன்னு வேண்டிக்கினு இருக்கலாம். முடியாச்சும் மொளச்சிருக்கும்."