மதர் புரொவின்ஷியலும் ஏழு ஃப்ளெக்ஸ் பேனர்களும்

ஆர்வக்கோளாறை வீட்டில் திட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் அதற்கு பேட்ஜ் குத்திவிடுவார்கள். பத்தாம் வகுப்பு படிக்கும்போது என் சீருடையின் இடப்பக்கத்தில் இனி ஒரு பேட்ஜ் குத்த இடமில்லை. பசுமை மன்றம், சாலைப் பாதுகாப்பு மன்றம், நுகர்வோர் மன்றம், இளஞ்செஞ்சிலுவை, பாடகர் குழு என்று எதைத் தொட்டாலும் செயலாளர் நான்தான். அசெம்பிளியில் நடந்து போனால் கோயில் மாடு மாதிரி கலகலவென்று சத்தம் கேட்கும்.

இதற்கெல்லாம் என் திறமைதான் காரணம் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்தது. அப்பாவின் ஃப்ளெக்ஸ் கடை.

எங்கள் பள்ளி கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் உயர்நிலைப் பள்ளி. ஊருக்கு வெளியே, பாதி சரள் மேட்டிலும் பாதி கரிசல் காட்டிலுமாக இருந்தது. அங்கே ஒரு மன்றம் தொடங்க வேண்டுமென்றால் ஒரு பேனர் வேண்டும், அதன் பின்னால் நிற்கப் பிள்ளைகள் வேண்டும், போட்டோ எடுக்க ஓர் ஆள் வேண்டும். போட்டோ எடுத்து முடிந்ததும் மன்றம் அடுத்த ஜூன் வரை உறங்கப் போய்விடும். நுகர்வோர் மன்றம் என்றால் பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தை எல்லோரும் கவலையோடு உற்றுப் பார்ப்போம். சாலைப் பாதுகாப்பு என்றால் ‘நில்’ பலகையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வளாகத்துக்குள் நிற்போம். (அங்கே வந்துபோகும் ஒரே வாகனம் சிஸ்டர்களின் ஸ்கூட்டி. அதுவும் எங்களைக் கண்டால் நிற்காது.) செஞ்சிலுவை என்றால் என் தோழி மாரீஸ்வரியின் தலையில் கட்டுப் போடுவோம். ஒவ்வொரு வருடமும் அவளுக்குத்தான் அடிபடும். “ஏட்டி, ஒரு வருஷமாவது காலுல கட்டுங்கட்டி, தலை எண்ணெயெல்லாம் துணியில ஒட்டுது” என்று கெஞ்சுவாள்.

பசுமை மன்றத்தின் கதை இன்னும் உன்னதம். ஆபீஸ் அறைக்கு எதிரே நிரந்தரமாக ஒரு குழி இருந்தது. வருகிற சிறப்பு விருந்தினர் எல்லோரும் அந்தக் குழியில்தான் வேப்பங்கன்று நடுவார்கள். கைதட்டுவோம், போட்டோ எடுப்போம், மறந்துவிடுவோம். கன்று காயும். அடுத்த விருந்தினர் வருவதற்கு முந்தின நாள் அதைப் பிடுங்கிவிட்டுக் குழியைத் துடைத்து வைப்போம். அந்தக் குழி மட்டும் எங்கள் பள்ளியில் வாடாமல் இருந்தது.

அந்த வருடம் மதர் புரொவின்ஷியல் வருவதாகச் சொன்னார்கள். சிஸ்டர்களின் சபைக்கு இந்த வட்டாரம் முழுவதற்கும் அவர்தான் தலைவி. வரும் காரியமும் சாதாரணமல்ல. எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு தொடங்கலாமா வேண்டாமா என்று அவர் பார்த்து முடிவு செய்யப்போகிறார்.

எனக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை. இங்கே பதினொன்று வராவிட்டால், அதிகாலையில் எழுப்பிவிட்டு மாடல் கொஸ்டின் பேப்பரை இரைபோல் போடும் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் என்னைச் சேர்ப்பதாக அப்பா முடிவு செய்திருந்தார். மாரீஸ்வரிக்கு அதைவிட மோசம். கடம்பூரைத் தாண்டி உள்ளே அவள் ஊர். அங்கிருந்து வரும் ஒரே மினி பஸ் எங்கள் பள்ளி வாசலோடு திரும்பிவிடும். “இங்கன பதினொண்ணு இருந்தா படி. இல்லைன்னா உங்க அக்கா கூடத் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போ” என்று அவள் அப்பா சொல்லிவிட்டாராம்.

“அப்பா சொன்னா சொன்னதுதான்ட்டி” என்றாள் மாரீஸ்வரி. “எதையாவது செஞ்சு அந்த மதர மயக்குங்கட்டி. நீதான் இத்தன பேட்ஜ் குத்தியிருக்கியே.”

எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் பிலோமினா அசெம்பிளியில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். “மதர் வெறும் போட்டோவப் பாத்து ஏமாற மாட்டாங்க. மன்றமெல்லாம் நெசமாவே நடக்குதான்னு பாப்பாங்க. சபையில அவங்களுக்கு அப்படி ஒரு பேரு. யாரும் மானத்த வாங்கிராதீங்க.”

பேட்ஜ்கள் ஒருமுறை சிலிர்த்துக்கொண்டன. மன்றத்தை நிஜமாகவே நடத்திவிடுவது என்று முடிவு செய்தேன். அந்தப் பள்ளியின் வரலாற்றில் யாருக்கும் வராத விபரீத யோசனை அது.

திட்டம் இதுதான். பழைய குழி வேண்டாம். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கரிசல் காட்டில்தான் பதினொன்றாம் வகுப்புக் கட்டடம் வரும் என்று சிஸ்டர் பிலோமினா சொல்லிக்கொண்டிருந்தார். (முன்பக்கச் சரள் மேட்டில் அவருடைய ரோஜாத் தோட்டம் இருந்தது. அதன் பக்கம் பந்து போனால்கூட நாங்கள் போக மாட்டோம், பந்தை மறந்துவிடுவோம்.) அந்தக் காட்டின் நடுவில் புதிதாகக் குழி வெட்டி, மதரையே நடந்து வரச்செய்து, கன்றை நடச் சொல்வோம். எதிர்காலக் கட்டடம், எதிர்கால மரம், எதிர்கால மாணவிகள். வரவேற்புரையையும் நானே எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை கடப்பாரையோடு போனோம். அது வெயில் கொளுத்திய ஆகஸ்ட். டென்னிக்காய்ட் வளையம் விழுந்தால் திரும்ப எடுக்க முடியாத அளவுக்குத் தரை வெடித்துக் கிடந்தது. கடப்பாரையைப் போட்டால் டங்கென்று எகிறி என் முழங்காலுக்கே திரும்பி வந்தது.

“தண்ணிய விட்டு ஊறப்போடுவோம்ட்டி” என்றேன்.

போர் மோட்டாரைப் போட்டு, ஓஸ் குழாயை இழுத்து வந்து வெடிப்புக்குள் சொருகினோம். தண்ணீர் போன இடம் தெரியவில்லை. நிலம் குடித்துக்கொண்டே இருந்தது. ‘பாவம், எத்தனை நாள் தாகமோ’ என்று எனக்குக் கவித்துவமாக வேறு தோன்றியது. அதற்குள் பாடகர் குழு ஒத்திகைக்கு மணி அடித்தார்கள். அங்கே நான் செயலாளர். அது முடிந்ததும் சாலைப் பாதுகாப்பு அணிவகுப்பு. அங்கேயும் நான்தான். பிறகு செஞ்சிலுவை. மாரீஸ்வரிக்குத் தலையில் கட்டு. கட்டுக்கு நடுவே அவள் கண் விரிந்தது.

“ஏட்டி, மோட்டார்!”

ஓடிப்போய் நிறுத்தும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. தரையில் தண்ணீர் தேங்கவில்லை, எல்லாம் வெடிப்பு வழியாக உள்ளே போயிருந்தது. ‘நல்லதுதான், ஈரப்பதம்’ என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெயிலும் காற்றும் பின்னி எடுத்தன. மதர் வரும் நாளான திங்கள் காலை வந்து பார்த்தால் வெடிப்பெல்லாம் மூடி, மேலே அப்பளம் மாதிரி வறண்டு வெளுத்து, அவ்வளவு அழகாக இருந்தது தரை. ஈரக் கரிசலில் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் எல்கேஜி பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அது ஈரமாகத் தெரிந்தால்தானே! குழியை வெட்டினோம், வெண்ணெய் மாதிரி வந்தது. மதர் நடந்து வர இருபுறமும் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டோம். எலும்பும் தோலுமாக இருந்த எங்கள் இருவரையும் நிலம் போனால் போகிறதென்று தாங்கிக்கொண்டது.

மதர் வந்தார். நெடுநெடுவென்ற உயரம். தரையை உதைத்து உதைத்து நடக்கிற நடை. வாசலில் அப்பா அடித்துத் தந்த பெரிய வரவேற்பு ஃப்ளெக்ஸ். அதில் அப்பா மதரின் நிறத்தைப் பால்போல் வெளுக்கவைத்து, பின்னால் பனிமலையையும் அருவியையும் வைத்திருந்தார். மதர் அதை அண்ணாந்து பார்த்து, “இது யாரு?” என்று கேட்டார். சிஸ்டர் பிலோமினா இருமினார்.

பேண்ட் வாத்தியம் முழங்க ஊர்வலம் பின்பக்கம் போனது. பேண்டுக்கு ஒரு விதி உண்டு. சிஸ்டர் ஒரு கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும், இரண்டு கையையும் தூக்கினால் அடுத்த பாட்டு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புக் கோட்டுக்குள் மதர் கம்பீரமாக இறங்கினார். முதல் சில அடிகள் ஒன்றும் ஆகவில்லை. நான் வரவேற்புரையைத் தொடங்கினேன். “எங்கள் பள்ளியின் எதிர்காலத்தில் காலடி எடுத்து வைக்கும்…” என்று சொல்லும்போதே எதிர்காலம் ‘பொதக்’ என்றது. மதரின் வலது கால் கெண்டைக்கால் வரை உள்ளே போயிருந்தது.

அவர் காலை உருவினார். கால் மட்டும் வந்தது, செருப்பு வரவில்லை. அந்தக் காலை எங்கே வைப்பது என்று யோசிப்பதற்குள் இடது கால் இறங்கிவிட்டது. “மதர்!” என்று பாய்ந்த சிஸ்டர் பிலோமினாவையும் மண் பாரபட்சமில்லாமல் பிடித்துக்கொண்டது. அவர் விழாமலிருக்க இரண்டு கைகளையும் தூக்கினார்.

பேண்ட் அடுத்த பாட்டுக்குப் போனது.

“நிறுத்துங்கட்டி!” என்று சிஸ்டர் இன்னும் வேகமாக இரண்டு கைகளையும் ஆட்டினார். பேண்டும் இன்னும் வேகமாக வாசித்தது.

அந்த நேரத்தில்தான் எங்கள் மன்றங்கள் உயிர்பெற்றன. சாலைப் பாதுகாப்பு மன்றம் விசிலடித்து, ஏற்கெனவே நகர முடியாமல் நின்ற மதரிடம் ‘நில்’ பலகையைக் காட்டியது. செஞ்சிலுவைப் பிள்ளைகள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அதை விரிப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. (போட்டோவில் எப்போதும் மடித்துத்தான் வைத்திருப்போம்.) போட்டோகிராபர் அண்ணாச்சி மட்டும் நிதானம் இழக்கவில்லை. “மதர், இங்கன பாருங்க. சிஸ்டர், நீங்க கொஞ்சம் கைய இறக்குங்க, மதர மறைக்கிது.”

நான் வரவேற்புரைத் தாளோடு கல்லாக நின்றேன். ஹாஸ்டலின் அதிகாலை மணி காதில் கேட்டது. பக்கத்தில் மாரீஸ்வரியைப் பார்த்தேன். செஞ்சிலுவைத் தலைக்கட்டோடு நின்றவளுக்குக் கண்ணில் நீர் முட்டியிருந்தது. சட்டென்று புறங்கையால் துடைத்துவிட்டு என்னை உலுக்கினாள்.

“ஏட்டி, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க! ஃப்ளெக்ஸ அவுருட்டி!”

ஓடினோம். சுவரில் கட்டியிருந்த மன்றங்களையெல்லாம் அவிழ்த்தோம். முதலில் நுகர்வோர் மன்றத்தைச் சேற்றில் விரித்தோம். அதன்மேல் ஏறி நின்று சாலைப் பாதுகாப்பை விரித்தோம். அடுத்து செஞ்சிலுவை, அடுத்து பசுமை மன்றம். வருடம் முழுக்கச் சுவரில் தொங்கிய மன்றங்கள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் களத்தில் இறங்கின.

பாடகர் குழுவின் பேனரை விரிக்கப் போனபோது சேற்றுக்குள்ளிருந்து சிஸ்டர் பிலோமினா அலறினார். “அதுல சூசையப்பர் படம் இருக்கு! திருப்பிப் போடுங்கடி!” சூசையப்பரைக் கொண்டுபோய்ப் பத்திரமாக மர நிழலில் வைத்துவிட்டு, வேறு பேனரைக் கொண்டுவந்தோம்.

மதரை எட்ட இன்னும் ஓர் ஆள் நீளம் பாக்கி. மிச்சமிருந்தது வாசலில் இருந்த வரவேற்பு ஃப்ளெக்ஸ் ஒன்றுதான். தூக்கி வந்தோம். பின்பக்கம் கம்புச் சட்டம் அடித்திருந்ததால் திருப்பிப் போட வழியில்லை. பனிமலையும் அருவியும், நடுவே பால்போல் வெளுத்த புன்னகையுமாக அது மதரின் காலடியில் மல்லாந்தது.

பேண்டுகூட நின்றுவிட்டது. செயலாளர் நான்தானே, நான்தான் சொல்ல வேண்டும்.

“மதர்… உங்க மூஞ்சி மேல கால வைங்க.”

மதர் என்னைப் பார்த்தார். கீழே தன்னைப் பார்த்தார். “அது நான் இல்லம்மா” என்று சொல்லிவிட்டு, தன் நெற்றியில் ஒரு கால், தாடையில் ஒரு கால் வைத்து, எங்கள் மன்றங்கள் ஒவ்வொன்றையும் மிதித்துக்கொண்டு கரையேறினார்.

குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தோம். காலைக் கழுவக் கழுவக் கரிசல் கரைந்துகொண்டே இருந்தது. சிஸ்டர் பிலோமினா முழங்கால்வரை கறுப்பாக நின்றுகொண்டு, “மதர், அந்தப் பதினொண்ணாம் வகுப்பு…” என்று இழுத்தார்.

“கட்டடம் எங்க கட்டறதாச் சொன்னீங்க?”

“அங்கதான் மதர்.” சிஸ்டரின் விரல் செருப்பு புதைந்த இடத்தைக் காட்டியது.

“அங்கயா? ஒரு செருப்பையே முழுங்கிருச்சு. ஸ்கூல விட்டுவைக்குமா?” மதர் காலை உதறிக்கொண்டு முன்பக்கம் எட்டிப் பார்த்தார். “அந்தச் சரள் மேடு நல்லாத்தானே இருக்கு? அந்த ரோஜாச் செடியை எல்லாம் எடுத்துட்டு அங்க கட்டுங்க. பதினொண்ணு வரட்டும்.”

மாரீஸ்வரி என் கையைப் பிடித்து நசுக்கினாள். சிஸ்டர் பிலோமினாவின் முகத்தில் மகிழ்ச்சியும் துக்கமும் ஒரே நேரத்தில் முண்டியடித்தன. துக்கம்தான் ஜெயித்தது.

“சரி, தண்ணி விட்டது எந்த மன்றம்?” என்று மதர் கேட்டார். பள்ளிக்கூடமே என்னைக் கைகாட்டியது. மதர் என் நெஞ்சிலிருந்த பேட்ஜ்களை வாசித்து முடிக்கச் சற்று நேரம் ஆனது. “எல்லாமா!” என்றார்.

அன்று மாலையே பேட்ஜ்கள் பறிமுதல். பதிலுக்கு ஒரே ஒரு பதவி கிடைத்தது. தோட்டத்திலிருந்து தொட்டிகளுக்கு மாறிய ரோஜாக்களுக்குப் பன்னிரண்டாவது முடியும்வரை நான்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும், குவளையால், சிஸ்டரின் கண்முன்னால். மாரீஸ்வரி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பாள். இன்று தூத்துக்குடியில் நர்ஸாக இருக்கிறாள். நிஜத் தலைகளுக்கு நிஜக் கட்டு போடுகிறாள். போன் பேசினால், “எண்ணெய்த் தலைக்குக் கட்டுறது எவ்வளவு கஷ்டம்னு இப்பத்தான்ட்டி தெரியுது” என்கிறாள்.

செருப்பு கிடைக்கவே இல்லை. கோடையில் காடு வெடிக்கும்போது இப்போதும் பிள்ளைகள் குனிந்து தேடுகிறார்களாம். அப்பா மட்டும் மதர் ஃப்ளெக்ஸ்மேல் நடக்கும் போட்டோவைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். ஃப்ளெக்ஸ் தாங்குமா என்று யாராவது கேட்டால் போதும். “அண்ணாச்சி, மதரே ஏறி நடந்த ஃப்ளெக்ஸ். ஒரு கீறல் உண்டா பாருங்க” என்பார்.

அம்மாவிடம் நான் எதைப் புதிதாகத் தொடங்கினாலும் ஒரே கேள்விதான். வேலைக்குச் சேர்ந்தேன், கேட்டாள். கல்யாணம் நிச்சயமானது, மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே கேட்டாள். போன வாரம் சென்னையில் நாங்கள் இருக்கும் ஃப்ளாட்டில் மாடித்தோட்டக் குழுவுக்கு என்னைச் செயலாளராகப் போட்டார்கள். பெருமையாகப் போன் செய்தேன்.

“சரிட்டி, சந்தோசம்” என்றாள் அம்மா. “மோட்டார நிறுத்திட்டியா?”

போனைக் காதில் வைத்தபடியே மொட்டை மாடிக்கு ஓடினேன்.