ஒன்றரை மில்லிமீட்டர் பான்கேக்

முதல் பான்கேக் தவாவை விட்டு வர மறுத்தது.

"வா வெளியே!" என்று கத்தியபடி ரிஜெக்ட் சார் கரண்டியால் சுரண்டினார். அது நாலாகக் கிழிந்து வந்தது.

அவருடைய சொந்தப் பெயரைத் தகட்டுத் தொழிற்சாலையில் யாரும் சொல்வதில்லை. தகட்டின் கனத்தை அளந்து, நூலளவு கூடினாலும் சிவப்பு மையில் 'ரிஜெக்ட்' என்று எழுதுவது அவர் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை அதே வேலையை வீட்டிலும் பார்த்துவிட்டார். மனைவி ஸ்வீடன் நாட்டுப் பான்கேக் சுட்டுக் கொடுத்தாள். காகிதம் மாதிரி இருக்க வேண்டிய பண்டம். இவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்ன இது, மெத்தையா? ரிஜெக்ட்!" என்றார்.

"அப்போ அடுத்த வாரம் நீங்களே மெல்லிசா பன்னெண்டு சுட்டுக் காட்டுங்க. எங்கம்மாவும் அப்பாவும் வந்து பாக்கட்டும். முடியலேன்னா, இனிமே சாப்பாட்டைப் பத்தி வாயே தொறக்கக் கூடாது."

ஆயுள் முழுக்கக் குறை சொல்லாமல் சாப்பிடுவதா? வீறாப்பாகச் சம்மதித்துவிட்டார்.

இப்போது மணி பத்தரை. பதினொன்றுக்கு மாமனாரும் மாமியாரும் வந்துவிடுவார்கள்.

"மாவு கெட்டியா இருக்கோ?" ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"உன்னை யாரு கேட்டா?"

சொல்லிவிட்டு, கோபத்தில் அரை லிட்டர் பாலை ஒரேயடியாகக் கொட்டினார். மாவு கட்டி கட்டியாக மிதந்தது. கட்டியை உடைக்க மிக்ஸியில் ஊற்றினார். மூடியைச் சரியாக அழுத்தவில்லை. பாதி மாவு சுவருக்குப் போனது, கொஞ்சம் மூக்குக்கண்ணாடிக்கு வந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செல்போனில் செய்முறையைப் பார்த்தார். 3 முட்டை என்பது 8 என்று தெரிந்தது. இன்னும் ஐந்தை உடைத்து ஊற்றினார்.

"ஏங்க, ஆம்லெட் வாசனை வருது?"

"வாயை மூடு!"

ஆனால் ஆம்லெட்தான். முட்டையை அடக்க ஒரு பாக்கெட் மைதாவை முழுசாகக் கவிழ்த்தார். பாத்திரம் நிரம்பி வழிய, எல்லாவற்றையும் வாளிக்கு மாற்றினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அடுத்து வந்ததைத் தொழிற்சாலை அளவுகோலை வைத்து அளந்தார். ஏழு மில்லிமீட்டர். மனைவி சுட்டதைவிடத் தடிமன்.

ஹாலில் பேப்பர் ஒரு பக்கம் நிதானமாகப் புரண்டது. அந்தச் சத்தம் அவரை இன்னும் உசுப்பியது.

வீட்டில் மிச்சமிருந்த பால் அத்தனையையும் வாளியில் ஊற்றினார். மாவு தண்ணீராகிவிட்டது. ஒரு கரண்டி எடுத்துத் தவாவில் விட்டபோது வாசல் மணி அடித்தது.

"போங்கடா!" என்று பொதுவாக எல்லோரையும் திட்டிவிட்டு, தவாவைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் எறிவதற்காகக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். தவா சாய்ந்தது. மாவு சரசரவென்று விளிம்பு வரை ஓடிப் பரவியது. இவர் திகைத்து நிற்கும்போதே ஓரம் சிவந்து தானாக எழும்பியது.

அளந்தார். ஒன்றரை மில்லிமீட்டர்.

மீதி பதினொன்றையும் அதேபோல் ஆத்திரமாகத் தவாவைத் தூக்கித் தூக்கியே சுட்டு, ஜாமோடு கொண்டுபோய் மேஜையில் வைத்தார்.

மாமியார் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "அடேயப்பா, அந்தப் பக்கம் தெரியுதே!"

"நான் தோத்துட்டேங்க" என்றாள் மனைவி. "உங்க கைப்பக்குவம் எனக்கு ஜென்மத்துக்கும் வராது."

"இப்பவாவது ஒத்துக்கிட்டியே!" கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் மீசை தானாக மேலே போனது.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பிட்டு முடித்த மாமனார் எழுந்து, எல்லோருடைய தட்டையும் அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தார்.

ரிஜெக்ட் சார் பின்னாலேயே ஓடினார். "மாமா, நீங்க எதுக்கு? வைங்க!"

மாமனார் குழாயைத் திறந்துவிட்டு, ஹால் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"தோத்துருக்கணும் மாப்ளே. நானும் இதே மாதிரி ஒரு ஞாயித்துக்கிழமை ஜெயிச்சேன். முப்பத்தொரு வருஷமா எங்க வீட்ல நான்தான் சுடறேன்."