ஒரு பெஞ்சுக்கு ரெண்டு பேர்

“டீச்சர், எட்டாவது எலக்ட்ரான் அழுவுது!”

வேதியியல் டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தற்காலிக வேலை. இன்று வகுப்பைப் பார்க்க வரும் அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் நிரந்தரம். “அந்த ஆள் பொல்லாதவர். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு” என்று தலைமையாசிரியை வேறு காலையில் பல்லைக் கடித்தபடி எச்சரித்திருந்தார்.

ஐந்து பெஞ்சுகள், ஐந்து ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகத் தங்கும் அறைகள். எட்டு மாணவிகள், ஆக்சிஜனின் எட்டு எலக்ட்ரான்கள். முன்னாலிருக்கும் இரண்டு பெஞ்சுகள் முதலில் நிரம்ப வேண்டும். பின்னாலிருக்கும் மூன்றும் சமம். ஆளுக்கொன்று பிடித்த பிறகுதான் அங்கே ஜோடி சேரலாம். ஜோடியில் ஒருத்தி கரும்பலகையைப் பார்த்தால் மற்றவள் சுவரைப் பார்க்க வேண்டும். அதுதான் எதிரெதிர்ச் சுழற்சி, ஸ்பின். இதற்காக டீச்சர் நாற்காலிகளை எல்லாம் தூக்கி வராந்தாவில் போட்டிருந்தாள்.

எட்டாமவள் ஐந்தாமவளோடு உட்கார மறுத்தாள். “அவகூட எனக்குப் பேச்சே கிடையாது டீச்சர்.”

“பேச யாரும்மா சொன்னா? முதுகைக் காட்டிட்டு உட்காரு.”

“முதுகு இடிக்குமே!”

“சரி, முன் பெஞ்சுக்குப் போ.”

“மூணு பேர் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!” என்று வகுப்பே கத்தியது.

டீச்சர் வாசலைக் கை காட்டினாள். “ரெண்டு பேரும் போய் மூஞ்சி கழுவிட்டு வாங்க!”

போனார்கள். மிச்சம் ஆறு பேர். ஆக்சிஜன் கார்பனாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா அதிகாரியும் தலைமையாசிரியையும் நுழைய வேண்டும்?

நாற்காலி இல்லை. காலியாக இருந்தது ஐந்தாமவளின் பெஞ்சு மட்டுமே. அதிகாரி கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தார். தலைமையாசிரியை சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

“டீச்சர், மறுபடியும் ஆக்சிஜன்!” என்று ஒருத்தி கைதட்டினாள். பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது டீச்சருக்கு.

அதிகாரி தொண்டையைச் செருமினார். “எதிரெதிரா இருக்கிறவங்க ஒரே இடத்துல இருக்க முடியுமா?”

“எதிரெதிரா இருந்தாத்தான் சார் இருக்கவே முடியும்.”

“மூணாவதா ஒருத்தர் வந்தா?” சுவரைப் பார்த்தபடியே தலைமையாசிரியை கேட்டார்.

“இடமே கிடையாது மேடம். இயற்கையே விடாது.”

அதிகாரியின் முகம் வாடியது. “கொஞ்ச நாளைக்கு மட்டும்?”

“ஒரு நிமிஷம்கூட முடியாது சார்!” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதிர்த்துப் பேசியாயிற்று. வேலை போயே போயிற்று.

அதிகாரி பெருமூச்சு விட்டார். “சரி. ஒத்துக்கறேன்.” கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியை மெல்ல அவர் பக்கம் திரும்பினார். இருவரும் சேர்ந்தே வெளியே போனார்கள்.

நாற்காலிகளைத் திரும்பக் கொண்டுவந்த பியூனிடம் டீச்சர் கேட்டாள்: “அண்ணே, பாடத்துல ஏதாவது தப்பா சொல்லிட்டேனா? அவர் முகமே செத்துப்போச்சே!”

“பாடத்தை யார் டீச்சர் கேட்டா? அவர் நம்ம மேடத்தோட வீட்டுக்காரர், ரெண்டு வருஷமா தனித்தனி வீடு. அந்த மூணாவது ஆள் மேடத்தோட மாமியார்.”