பரசுராமன் கட்டிய கால்வாய்

'ஆளு எதுக்கு, நான் இல்ல?' என்று கேட்கிற ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. தெருவுக்கு ஒருவராவது உண்டு. குழாய் ஒழுகட்டும், மின்விசிறி முனகட்டும், கதவு தரையில் இழுபடட்டும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கழற்றும் வேகம் இருக்கிறதே, அதைச் செய்த கம்பெனிக்காரனுக்குக்கூட வராது. திரும்ப மாட்டிய பிறகு இரண்டு திருகாணி மிச்சமிருக்கும். கேட்டால், அதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா அழகுக்கு வைப்பது என்பார்.

ஆரணியில் பட்டு நெய்யும் தெரு ஒன்றில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதியாக விளங்கியவர் பரசுராமன். சந்தேகமிருந்தால் அவர் மனைவி பரிமளாவைக் கேளுங்கள். அவள் வீட்டு மிக்சி மண்டையில் தட்டினால்தான் ஓடும். மின்விசிறி நன்றாகவே ஓடும், ஆனால் காற்றைக் கூரைக்கு அனுப்பும். இத்தனை வருடமாக அவள் வாயைத் திறக்கவில்லை. சட்னிதானே, காற்றுதானே என்று விட்டுவிட்டாள். தறி என்று வந்தால் மட்டும் அவளுக்குப் பொறுமை கிடையாது.

தொண்ணூற்றெட்டாம் வருடம் ஐப்பசியில் அந்தத் தறியில் ஏறியிருந்தது முதலாளி கூலிக்கு நெய்யக் கொடுத்த பாவு நூல் அல்ல. மகள் ஹேமலதாவுக்குக் கார்த்திகையில் கல்யாணம். ஊரார் பெண்களுக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்து கொடுத்தவள், தன் பெண்ணுக்கும் தன் கையாலேயே ஒன்று நெய்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, சந்தன நிற உடலும் அரக்குக் கரையுமாக முக்கால்வாசி முடித்திருந்தாள். அந்த நேரம் பார்த்து, ஓட்டுக் கூரையின் விளிம்பில் மழைத்தண்ணீரை வாங்கி வாசல் சாக்கடையில் விடுகிற தகரக் கால்வாய் துருப்பிடித்துக் கழன்று விழுந்தது. அதற்கு நேர் கீழே தறி அறையின் ஜன்னல்.

தகர வேலை செய்கிற காத்தவராயனைக் கூப்பிட்டுவிடலாம் என்றாள் பரிமளா. பரசுராமனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தகரத்த மாட்டறதுக்கு ஒரு ஆளா? நேரு எது, கோணல் எதுன்னு நெசவுக்காரனுக்கு எவனாவது வந்து சொல்லணுமா?"

நெசவுக்காரராகப் பிறந்ததுதான் வினை. காலையில் தெருவில் நூலை இழுத்துக் கட்டிப் பாவு நீட்டும்போது இழை எங்கும் தொய்யக் கூடாது, ஏறக் கூடாது, இறங்கக் கூடாது. அந்தக் கண்ணோடு அவர் ஏணியில் ஏறி, கூரை நெடுக நூல் கட்டி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, இறங்கி, தெருக்கோடிவரை நடந்துபோய் அங்கிருந்தும் பார்த்து, மறுபடி ஏறி, சாக்கடைப் பக்கம் ஒரு மயிரிழை தாழ்ந்திருந்ததையும் தட்டித் தூக்கிவிட்டு, அணுவளவும் ஏற்ற இறக்கம் இல்லாமல் கால்வாயைப் பொருத்தி முடித்தார். எதிர்வீட்டுத் தங்கவேலுவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் நெசவாளிதான். பாவு நீட்டியதுபோல இருக்கிறது என்று மனதாரப் பாராட்டினார். தண்ணீர் ஓட வேண்டுமே என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

பத்திரிகை வைக்கப் பரிமளா செய்யாருக்குப் போயிருந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. பரசுராமன் குடையோடு தெருவில் நின்று தன் வேலையை ரசித்தார். கால்வாய் நிறைந்தது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. எப்படி வரும்? எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தண்ணீர் அங்கேயே நின்றது. பாரம் தாங்காமல் தகரம் நடுவில் வளைந்து, மொத்தத்தையும் ஜன்னல்மேல் கொட்டியது. ஜன்னல் கதவு? போன வருடம் அவர் அதைச் சரிசெய்திருந்தபடியால், மூடாது.

பரிமளா வந்து பார்த்தபோது அரக்குக் கரையின் சாயம் சந்தனத்தில் இறங்கித் திட்டுத் திட்டாகப் பரவியிருந்தது. நெய்கிறவர் கால் வைக்கும் தறிக்குழியில் முழங்காலளவு தண்ணீர்.

"மழ கோணலா பேஞ்சிடுச்சி. நம்ம காவா நேராத்தான் கீது, நீயே வேணா பாரு" என்றார் பரசுராமன்.

அவள் கால்வாயைப் பார்க்கவில்லை. நனைந்த பட்டைக் கையால் தடவிக்கொண்டே, "பொண்ணுக்குன்னு நான் செஞ்சிகினு இருந்தது இது ஒண்ணுதான். அதையும் நீங்களே பாத்துகினீங்க" என்றாள்.

மறுநாள் அவளே போய்க் காத்தவராயனைக் கூட்டிவந்தாள். அவர் மேலே சாய்வு கொடுத்துக்கொண்டிருக்க, பரசுராமன் கீழே நின்று யோசனை சொன்னார். தொண்ணூறு சதவீத வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது, ஆள் வந்தது சும்மா தட்டிவிடத்தான் என்று தங்கவேலுவிடம் விளக்கவும் செய்தார்.

ஹேமலதா கடையில் வாங்கிய புடவையில்தான் மணவறை ஏறினாள். புடவைக்கு என்ன குறை? அழகாகத்தான் இருந்தது. யாரோ நெய்த அந்தக் கரையைப் பரிமளா திரும்பத் திரும்ப நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் மண்டபத்து மைக் கரகரவென்றது. பெண்ணின் அப்பா மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார்.

இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், சரி. ஆனால் நடுவில் எங்கேயாவது, 'சாக்கடைப் பக்கம் ரெண்டு விரல் இறக்கி மாட்டியிருந்தால் முடிந்தது, இதற்குப் போய் ஓர் ஆளா?' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து இதை உங்கள் வீட்டாரிடம் படிக்கக் கொடுங்கள். ஏணியை எங்கே ஒளித்துவைப்பது என்று அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.