போர்வண்டி அண்ணனின் படைகள்

உலக வரலாற்றில் இத்தனை நாட்டுப் படைகளைத் தனி ஆளாக நாசம் செய்தவர் போர்வண்டி அண்ணனைத் தவிர வேறு யாருமில்லை. அத்தனையும் அவருடைய சொந்தப் படைகள் என்பதுதான் விசேஷம்.

பொம்மைப் படைகளை வைத்து மேசைமேல் போர் விளையாட எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. கட்டைவிரல் உயர உலோகச் சிப்பாய்கள், அவர்களுக்கு வர்ணத்தில் வரைந்த மீசை, பெரிய மேசை, பகடை, இன்ச் டேப். ஞாயிற்றுக்கிழமைதோறும் ரோமானியரும் மங்கோலியரும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு மளிகைக் கடை மாடியில் மோதிக்கொள்வார்கள். இதைப் பற்றி எங்கள் வீடுகளில் யாரும் பெருமையாகப் பேசுவதில்லை.

ஒருமுறை கடை வாசலில் 'போர்ப் போட்டி, அனைவரும் வருக' என்று எழுதி ஒட்டினோம். எங்கள் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்கும் போர் என்றுதான் பெயர், அதைத் தோண்டுவது போர்வண்டி. அப்படியொரு வண்டிக்குச் சொந்தக்காரரான திருச்செங்கோட்டுக்காரர் படியேறி வந்தார்.

"ஏனுங்க, யாரு வண்டி ரொம்ப ஆழம் ஓட்டுதுன்னு போட்டிங்களா?"

விளக்கிச் சொன்னோம். வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு இறங்கியிருப்பார்கள். இவர் ஒரு யானையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நானும் ஒரு ஆட்டம் பாக்கறேனுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்று அந்த யானைகள் அவருடைய வில்லாளிகளையே மிதித்தன.

அதன்பிறகு ஒவ்வொரு போட்டிக்கும் புதுப் படை. பாரசீகம், வைக்கிங், சாமுராய் என்று வாங்குவார், தோற்பார், அலமாரியில் அடைப்பார். ஓடுவதுபோல் ஏமாற்றித் திரும்பி அடிப்பதுதான் மங்கோலியக் குதிரைப்படையின் வித்தை. "இத்தன குதிரைக்கும் தீனி போட்டு வளத்தது பயந்து ஓடறதுக்குங்களா?" என்று மறுத்துவிட்டார். குதிரைகள் நின்ற இடத்திலேயே செத்தன.

பழகிய படையோடு ஆடும்படி எங்கள் அணித்தலைவரான பல் டாக்டர் கெஞ்சிப் பார்த்தார்.

"டாக்டருங்க, ஒரு எடத்துல தண்ணி வராம வெறும் புகையாப் போச்சுன்னா, அங்கயே மறுக்கா ஓட்டுவாங்களா? தள்ளித்தான் போடோணும்."

போன மாதம் கோவை அணி வந்தது. மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தால் நாங்கள் முதல்முறையாகப் பெங்களூர் போட்டிக்குப் போகலாம். டாக்டர் ஜெயித்தார். நான் கௌரவமாகத் தோற்றேன். மிச்சமிருந்தது போர்வண்டி அண்ணன். அப்போதுதான் கூரியர் பெட்டியைப் பிரித்தார். உள்ளே சுவிட்சர்லாந்து ஈட்டிப் படை. டாக்டரின் முகம், அவரிடம் பல் பிடுங்க வந்தவர் முகம்போல ஆனது.

அண்ணன் அந்த நீள ஈட்டிகளைப் பார்த்துக் குளிர்ந்துபோனார். "அட, நம்ம போர் ராடு மாதிரியே இருக்குதுங்க சாமி."

நேராக விட்டார். எதிராளி இடப்பக்கம் குதிரைகளைக் காட்டி இழுத்துப் பார்த்தார், வலப்பக்கம் அம்பு விட்டார். அண்ணன் எதற்கும் திரும்பவில்லை.

"அண்ணா, பக்கத்துல வர்றாங்க, பாருங்க" என்று முனகினேன்.

"ராடு எறங்குனப்பறம் கோணக் கூடாது சாமி. இன்னுங் கொஞ்சம் ஓட்டிப் பாப்போம்."

ஓட்டினார். படை எதிராளியின் தளபதியைத் துளைத்துக்கொண்டு மேசையின் மறு விளிம்பில் போய் நின்றது. "தண்ணி வந்துருச்சுங்க" என்றார் அண்ணன், சாவகாசமாக.

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, பெங்களூருக்கும் இதே படைதானே?"

அண்ணன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "தண்ணி வந்த எடத்துல மறுக்கா யாருங்க ஓட்டுவாங்க?"

எகிப்துப் படை வந்து இறங்கிவிட்டது. அதில் ரதங்கள் உண்டு. "அந்தக் காலத்துப் போர்வண்டிங்க" என்று அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. பெங்களூரில் மண்ணைக் கவ்வப்போவது உறுதி. ஆனாலும் அவரை விட்டுவிட்டுப் போய் ஜெயிக்க எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.

புது வண்டியைப் பூசை போடாமல் எடுக்கக் கூடாதாம். அந்தச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க முடியாது. கீழே மளிகைக் கடைக்கு இறங்கி, நான்தான் மிளகு வாங்கி வந்து வைத்தேன்.